சுவாமிமலை 60 படியும் லே 11,500 அடியும்: டெல்டாவிலிருந்து இமயமலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு

எங்கள் பக்கம் மலை என்றால் சுவாமிமலைதான். அதுவும் கட்டுமலை, தமிழ் வருஷத்துக்கு ஒன்றாக 60 படி. அதை விட்டால் திருச்சிக்குப் போய் மலைக்கோட்டை ஏற வேண்டும். தஞ்சாவூரே கடல் மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர்தான், கும்பகோணம் அதில் பாதி, நாகப்பட்டினம் பக்கம் போனால் கடலும் தரையும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். இப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த நாம், சம்பா அறுத்து, அதற்குப்பின் தெளித்த உளுந்தும் பயறும் எடுத்து முடித்து, குறுவைக்கு மேட்டூர் திறப்பதற்கு முன்னால் கிடைக்கிற அந்தச் சின்ன இடைவெளியில் கேதார்நாத், பத்ரிநாத், முக்திநாத், லடாக் என்று கிளம்பிவிடுகிறோம். போக வேண்டியதுதான், நானும் போகிறவன்தான். ஆனால் ஸ்வெட்டர், மங்கி குல்லா, புளிக்காய்ச்சல், முறுக்கு எல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்து வைக்கிற நம் ஆட்கள், உயரம் உடம்பை என்ன செய்யும் என்பதை மட்டும் யாரிடமும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டிலும் யாரும் கேட்கவில்லை. சித்தப்பாவுக்கு அப்போது 58 வயது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, தினமும் விடியற்காலையில் வரப்பில் நாலு மைல் நடக்கிற மனிதர். டெல்லியிலிருந்து காலை விமானம், ஒன்றேகால் மணி நேரத்தில் லடாக்கின் லே நகரில் இறங்கிவிட்டோம். அன்று சாயங்காலமே சாந்தி ஸ்தூபிக்குப் படி ஏறினோம், சுமார் 500 படி, சித்தப்பாதான் முதலில் மேலே போய் நின்றார். அன்று இரவு அவருக்குத் தலைவலி. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் வாந்தி எடுத்திருக்கிறார். காலையில் உப்புமாவைத் தொடவில்லை. "என்ன சித்தப்பா?" என்றால் "ஒண்ணுமில்லடா, நேத்து வெயில்ல நின்னது" என்கிறார். டூர்க்காரர் நோட்டீஸில் போட்டிருந்தபடி வண்டி கர்துங் லா கணவாய்க்குக் கிளம்பியது. மேலே டீக்கடையிலிருந்து வண்டிக்கு நடந்து வருகையில் அவர் கால் நேராக வரவில்லை, குடித்தவர் மாதிரி அலைந்தது. நாங்கள் சிரித்தோம், உண்மையைச் சொல்கிறேன், சிரித்தோம். லடாக்கிக்கார டிரைவர் சிரிக்கவில்லை. எங்களைக் கேட்கக்கூட இல்லை, எல்லோரையும் ஏற்றி வண்டியைத் திருப்பி நேரே லே ஆஸ்பத்திரிக்கு இறக்கிவிட்டார். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, தலைவலி எப்போது ஆரம்பித்தது என்பது. "நேத்து ராத்திரியே" என்றார் சித்தப்பா. சித்தி அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது வேறு கதை.

இரண்டு நாள் ஆக்சிஜன், ஊசி, அப்புறம் கீழே இறங்கி டெல்லி. பிழைத்துக்கொண்டார். அதன்பிறகு ஊரில் யார் வடக்கே கிளம்பினாலும் என்னிடம் அனுப்புகிறார்கள், நானும் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் இப்போது எழுதியே வைத்துவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. மாத்திரை விஷயம் எதுவாக இருந்தாலும் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அங்கே என்ன குறைகிறது

மலை மேல் ஆக்சிஜன் குறைவு என்று எல்லோரும் சொல்கிறோம். சரியாகப் பார்த்தால் காற்றில் ஆக்சிஜனின் பங்கு தஞ்சாவூரிலும் லேயிலும் ஒன்றுதான், நூற்றுக்கு 21. குறைவது காற்றின் அழுத்தம். நமக்கு இது எளிதாகப் புரியும். தலைமடையில் மதகைத் தூக்கினால் தண்ணீர் தானாக வயலுக்குள் பாய்கிறது. கடைமடையிலும் அதே காவிரித் தண்ணீர்தான், ஆனால் வேகம் செத்துப்போய் வாய்க்காலிலேயே நிற்கும், வயலுக்கு ஏறாது, இன்ஜின் வைத்து இறைக்க வேண்டும். நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு ஆக்சிஜன் போவதும் இப்படி ஒரு தள்ளுதலால்தான். லே சுமார் 3,500 மீட்டர், அதாவது 11,500 அடி. அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. கர்துங் லாவில் (5,359 மீட்டர்) பாதியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். நம்பாவிட்டால் கொண்டுபோன முறுக்கு பாக்கெட்டைப் பாருங்கள், பலூன் மாதிரி உப்பியிருக்கும். லேயில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பொன்னி அரிசி வேகாது.

உடம்பு உடனே இன்ஜினைப் போடுகிறது: மூச்சு வேகமாகும், இதயம் வேகமாக அடிக்கும். அதற்குப் பிறகு சிறுநீரகம் ரத்தத்தின் அமில காரக் கணக்கைச் சரிசெய்து மூச்சு இன்னும் ஆழமாக வர வழி செய்யும், அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். சிவப்பணுக்கள் கூடுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். இந்த வேலைகளுக்கு நேரம் கொடுக்காமல் மேலே மேலே போனால் வருவதுதான் உயர நோய். டாக்டர்கள் ஏ.எம்.எஸ். என்று சுருக்கிச் சொல்வார்கள். தலைவலி, அதோடு குமட்டல் அல்லது வாந்தி, சாப்பாடு பிடிக்காமை, அசதி, கிறுகிறுப்பு இதில் ஏதாவது ஒன்று. மேலே போய்ச் சேர்ந்த உடனே வராது, ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும். அதனால்தான் இறங்கிய அன்று பகலில் எல்லோரும் "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று செல்ஃபி எடுத்துக்கொண்டு திரிகிறார்கள்.

பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் இந்தத் தொல்லை. கொடைக்கானல் 2,100, ஊட்டி 2,240. ஆகவே "ஊட்டிக்குப் போனேன், ஒன்றும் ஆகவில்லை" என்பது இங்கே கணக்கில் சேராது.

இன்னொரு தப்புக்கணக்கு, உடம்பு திடமாக இருந்தால் வராது என்பது. 1962 போரையொட்டி சமவெளியிலிருந்து இமயமலைக்கு அவசரமாக அனுப்பப்பட்ட ராணுவ வீரர்களுக்கு இந்த நோய் கொத்துக் கொத்தாக வந்தது. இந்தர் சிங் என்ற ராணுவ மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1,925 பேரைப் பார்த்து 1969-இல் எழுதிய கட்டுரையை உலகம் முழுக்க மருத்துவர்கள் படித்தார்கள். அத்தனை பேரும் திடகாத்திரமான வீரர்கள். சொல்லப்போனால் திடமானவர்களுக்கு ஆபத்து ஒரு வகையில் கூட, ஏனென்றால் அவர்கள்தான் வேகமாக ஏறுவார்கள். என் சித்தப்பா 500 படியை முதலில் ஏறியது ஞாபகம் இருக்கிறதல்லவா. வயதானவர்களுக்கு அதிகம் வரும் என்பதும் சரியில்லை. அவர்களுக்கு இருக்கிற இதயக் கோளாறு, நுரையீரல் கோளாறுதான் பயம், உயர நோய் இளைஞர்களுக்கும் அதே அளவு வரும்.

நோட்டீஸில் உயரத்தை எழுதுங்கள்

டூர்க்காரர் கொடுக்கிற நோட்டீஸை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு பேனாவும். ஒவ்வொரு நாள் இரவும் எந்த ஊரில் தங்கல் என்று போட்டிருப்பார்கள், அதன் பக்கத்தில் அந்த ஊரின் உயரத்தை மீட்டரில் எழுதுங்கள். பகலில் எவ்வளவு உயரம் போனோம் என்பதைவிட இரவு எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதுதான் முக்கியம். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால் இன்றைய தூக்கத்துக்கும் நாளைய தூக்கத்துக்கும் 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது, மூன்று நாலு நாளைக்கு ஒரு முறை ஒரே இடத்தில் ஒரு நாள் கூடுதலாகத் தங்க வேண்டும். இந்தக் கணக்குக்கு நோட்டீஸ் ஒத்துவராவிட்டால் ஒரு ராத்திரி சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்க முடியாது என்றால் வேறு டூர் பாருங்கள். முன்பணம் போனால் போகட்டும்.

லடாக்குக்கு மூன்று வழி. ஸ்ரீநகர் (1,585 மீட்டர்) போய், அங்கிருந்து தரை வழியாகக் கார்கில் (2,676), அங்கே ஒரு ராத்திரி, அப்புறம் லே: என்னைக் கேட்டால் இதுதான் நமக்கு. இடையில் சோஜி லா, ஃபோட்டு லா என்று உயரமான கணவாய்கள் வரும், ஆனால் தூங்குவது தாழ்வில். மணாலி வழி அழகு, ஆனால் மணாலி 2,050, மறுநாள் ராத்திரி சர்ச்சுவில் கூடாரம் என்றால் அது 4,290. ஒரே தாவலில் இரண்டு மடங்கு. அந்தக் கூடாரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்கள் கதையை யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். மூன்றாவது, டெல்லியிலிருந்து நேராக விமானம். அது தப்பில்லை, ஆனால் இறங்கின பிறகு முழுசாக 48 மணி நேரம் லேயிலேயே சும்மா இருக்க வேண்டும். "சும்மா" என்றால் சும்மா, ஸ்தூபி கிடையாது.

பாங்காங் ஏரிக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏரி சுமார் 4,250 மீட்டரில் இருக்கிறது. அங்கே உடம்பு கெட்டால் கீழே இறங்கலாம் என்று நினைப்போம், ஆனால் லேக்குத் திரும்புகிற வழக்கமான பாதையில் முதலில் சாங் லா கணவாய்க்கு, அதாவது 5,300 மீட்டருக்கு மேல், ஏறித்தான் இறங்க வேண்டும். நூப்ரா பள்ளத்தாக்கு லேயைவிடத் தாழ்வு என்றாலும் போகிற வழியில் கர்துங் லா நிற்கிறது. ஆகவே லேயில் தலைவலியோடு இருக்கிறவர் அந்த வண்டியில் ஏறவே கூடாது.

சார்தாம், முக்திநாத், அமர்நாத் போகிறவர்களுக்கு: கேதார்நாத் 3,583 மீட்டர், குப்தகாசி 1,319. ஹெலிகாப்டரில் பத்து நிமிஷத்தில் இந்த உயரம் தாண்டிவிடும். தரிசனம் முடித்து அன்றைக்கே இறங்கிவிட்டால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம், மேலே தங்குவதாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். பத்ரிநாத் 3,100க்கு மேல், அதற்கு முதல் ராத்திரி ஜோஷிமட் (1,890) நல்ல தங்கல். நேபாளத்து முக்திநாத், நம் ஆழ்வார் பாடிய சாளக்கிராமம், சுமார் 3,700 மீட்டர். போகரா வெறும் 800 சொச்சம். போகராவிலிருந்து விமானத்தில் ஜோம்சோம் (2,700), அங்கிருந்து ஜீப்பில் முக்திநாத் என்று ஒரே நாளில் முடிப்பவர்கள் ராத்திரி ஜோம்சோமுக்காவது இறங்கிவிடுங்கள். அமர்நாத் குகை 3,888.

கயிலாயம் தனி ரகம். மானசரோவர் ஏரியே 4,590 மீட்டர், மலையைச் சுற்றி வருகிற பரிக்ரமாவில் டோல்மா லா கணவாய் 5,600ஐத் தாண்டும். அரசு நடத்துகிற யாத்திரையில் டெல்லியிலேயே மருத்துவப் பரிசோதனை செய்து ஆளைக் கழித்துவிடுவார்கள், வழியில் இன்னொரு சோதனையும் உண்டு. தனியார் ஏற்பாட்டில் போகிறவர்கள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பாருங்கள், நம் ராணுவம் தன் வீரர்களை 4,500 மீட்டருக்கு மேல் நிறுத்த மூன்று கட்டமாக 6 நாள், 4 நாள், 4 நாள் என்று 14 நாள் பழக்குகிறது. நம் டூர்க்காரர் எத்தனை நாள் போட்டிருக்கிறார்?

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே போங்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், வீசிங் உள்ளவர்கள், ரத்தசோகை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஏற்கெனவே ஒருமுறை மலையில் நுரையீரலில் நீர் கோத்து அவதிப்பட்டவர்கள், இவர்களெல்லாம் கேட்காமல் டிக்கெட் போடக் கூடாது. பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நம் பக்கம் வீட்டுக்கு ஒருவருக்காவது சர்க்கரை. இன்சுலின் போடுகிறவர்கள் அதை உறைய விடக் கூடாது, உறைந்தால் அது வீண், பெட்டியில் வைக்காமல் உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை பார்க்கிற கருவி குளிரிலும் உயரத்திலும் தப்பாகக் காட்டலாம். வாந்தி எடுத்துச் சாப்பிடாமல் கிடக்கும்போது எந்தச் சர்க்கரை மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அசிட்டசோலமைடு, கடையில் டயமாக்ஸ் என்பார்கள். மேலே சொன்னேனே, சிறுநீரகம் இரண்டு மூன்று நாளில் செய்கிற வேலை, அதைச் சீக்கிரம் செய்ய வைக்கிற மாத்திரை இது. பெரியவர்களுக்குத் தடுப்புக்காகப் பொதுவாகச் சொல்வது 125 மில்லிகிராம் காலையும் இரவும், ஏறுவதற்கு முதல் நாளிலிருந்து ஆரம்பித்து, மேலே போய்ச் சேர்ந்து இரண்டு நாள் வரை. விமானத்தில் நேரே லே போகிறவர்களுக்கு இதை டாக்டர்கள் எழுதுவது சகஜம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். பிரஷருக்காக நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சொல்ல வேண்டும். ஊரில் இருக்கும்போதே ஒரு நாள் சாப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்: விரல் நுனி குறுகுறுக்கும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு விஷயம். நம் வீட்டுப் பெண்கள் வழியில் கழிப்பறை இல்லை என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். இந்த மாத்திரையோடு அப்படி வந்தால் உடம்பு வறண்டு, அதுவே தலைவலியைக் கொண்டுவரும். வண்டியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும் என்று டூர்க்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள், வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

மாத்திரை போட்டிருக்கிறோம் என்பதற்காகக் கணக்கில்லாமல் ஏறக் கூடாது. மாத்திரை உதவும், தடுப்புச்சுவர் இல்லை.

முதல் இரண்டு நாள்

அறைக்குப் போனதும் படுத்துத் தூங்கிவிட வேண்டியதில்லை, மெதுவாக நடமாடலாம், வெந்நீர் குடிக்கலாம், ஜன்னல் வழியே மலையைப் பார்க்கலாம். பெட்டியை நீங்கள் தூக்காதீர்கள். மாடி அறை கொடுத்தால் கீழே மாற்றிக் கேளுங்கள். தண்ணீர் மூன்று லிட்டர் அளவுக்கு, சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். குடம் குடமாகக் குடிப்பதும் கெடுதல்தான். சாப்பாட்டில் நம் பழக்கமே நல்லது: கஞ்சி, ரசம் சாதம், இட்லி கிடைத்தால் இட்லி. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. மது வேண்டவே வேண்டாம். தூக்க மாத்திரையும் வேண்டாம், அது மூச்சை இன்னும் மட்டுப்படுத்தும்.

காபி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். குடிக்கலாம். கும்பகோணம் பக்கத்து ஆளைத் திடீரென்று காபியை நிறுத்தச் சொன்னால் அதற்கே ஒரு தலைவலி வரும், அது உயர நோயா காபி நோயா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வழக்கமாக இரண்டு டம்ளர் என்றால் அங்கேயும் இரண்டு டம்ளர்.

ராத்திரி பக்கத்தில் படுத்திருக்கிறவர் மூச்சு சில நொடி நின்று, அப்புறம் பெருமூச்சாகத் திரும்புவதைப் பார்த்துச் சிலர் பயந்து எழுப்பிவிடுவார்கள். அந்த உயரத்தில் தூக்கத்தில் மூச்சு அப்படித்தான் விட்டு விட்டு வரும், அது மட்டும் தனியாக இருந்தால் ஆபத்தில்லை.

கற்பூரம். யாத்திரை போகிற எல்லோர் கழுத்திலும் ஒரு கற்பூரப் பொட்டலம் தொங்குகிறது, முகர்ந்தால் ஆக்சிஜன் கூடும் என்று. அப்படிக் கூடுவதில்லை. மூக்கில் குளிர்ச்சி படுவதால் மூச்சு நன்றாகப் போகிற மாதிரி தோன்றும், ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு புள்ளி ஏறாது. சாமிக்கு ஏற்றக் கொண்டுபோங்கள், ஆனால் குழந்தைகள் கையில் படாமல். விழுங்கினால் வலிப்பு வரும் அளவுக்கு விஷம் அது. கேனில் அடைத்து விற்கிற ஆக்சிஜனும் சில நிமிஷத்துக்குமேல் தாங்காது. வண்டியில் சிலிண்டர் இருக்கிறதா, அதில் காற்று இருக்கிறதா, மாஸ்க் இருக்கிறதா என்று டிரைவரிடம் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் வீட்டில் கிடக்கும், எடுத்துப்போகலாம். ஆனால் அதன் எண்ணை நம் ஊர்க் கணக்கில் படிக்கக் கூடாது. இங்கே 86 காட்டினால் ஆம்புலன்ஸ் கூப்பிடுவோம், லேயில் முதல் நாள் 86 காட்டுகிறவர் நன்றாகச் சாப்பிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கலாம். விரல் ஜில்லிட்டிருந்தால், நெயில் பாலிஷ் இருந்தால் தப்பாகவும் காட்டும். ஒரே அறையில் எல்லோருக்கும் 88, ஒருவருக்கு மட்டும் 74 என்றால் அது சேதி. மற்றபடி ஆளைப் பாருங்கள், எண்ணைப் பிறகு பார்க்கலாம்.

தலைவலி வந்துவிட்டதா? வேறு காரணம் தெளிவாகத் தெரிகிறவரை உயர நோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெயில், தூக்கக் கேடு, பஸ்ஸில் வந்தது என்று சமாதானம் சொல்லக் கூடாது. பாராசிட்டமால் போட்டு, அந்த உயரத்திலேயே ஓய்வெடுங்கள். ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாளில் சரியாகிவிடும். சரியாகிற வரை ஒரு அடிகூட மேலே போகக் கூடாது. ஓய்வெடுத்தும் கூடுகிறது என்றால் இறங்க வேண்டும். சின்னக் குழந்தைகளுக்குத் தலைவலி என்று சொல்லத் தெரியாது. காரணமில்லாத அழுகை, பால் குடிக்காமை, விளையாடாமல் சுருண்டு படுப்பது, இதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

வரப்பு நடை

உயிரை எடுக்கிற நிலை இரண்டு. ஒன்று மூளை வீங்குவது. தலைவலி முற்றி, ஆள் குழம்புவார், சம்பந்தமில்லாமல் பேசுவார், அல்லது பேசாமலே உட்கார்ந்திருப்பார், முக்கியமாகக் கால் தடுமாறும். இதற்கு ஒரு சோதனை உண்டு, நம் ஆட்களுக்கென்றே செய்த மாதிரி. தரையில் ஒரு கோடு போட்டு, ஒரு பாதத்தின் குதிகாலை மற்ற பாதத்தின் விரலில் தொடும்படி வைத்து, ஒல்லி வரப்பில் நடக்கிற மாதிரி பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால், கோட்டை விட்டு விலகினால், விடியும் வரை காத்திருக்கக் கூடாது, ராத்திரி இரண்டு மணியானாலும் இறக்க வேண்டும். என் சித்தப்பா வாழ்க்கை முழுக்க வரப்பில் நடந்தவர், அன்றைக்கு அகலமான தார் ரோட்டில் அவரால் நடக்க முடியவில்லை.

இன்னொன்று நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. உயர நோயால் சாகிறவர்களில் அதிகம் பேர் இதனால்தான். பெரும்பாலும் இரண்டாவது ராத்திரியிலிருந்து நாலாவது ராத்திரிக்குள் வரும், தலைவலியே இல்லாமலும் வரலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், படுத்தால் கூடும், வறட்டு இருமல், உதடும் நகமும் நீலம் பாரிக்கும், முற்றினால் இளஞ்சிவப்பாக நுரைச்சளி. சளி பிடித்திருக்கிறது, நிமோனியா மாதிரி இருக்கிறது என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் படுக்க வைத்துவிடுகிற ஆபத்து இதில் உண்டு. கூட நடந்து வந்தவர்கள் பத்து நிமிஷத்தில் மூச்சு அடங்கி உட்கார்ந்திருக்க, ஒருவருக்கு மட்டும் அரைமணி கழித்தும் அடங்கவில்லை என்றால் கவனியுங்கள்.

இரண்டுக்கும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே கீழே இறக்குவது. 300 மீட்டர் இறங்கினாலே சிலருக்குத் தெளியும், 1,000 மீட்டர் இறங்கினால் நல்லது. தனியாக அனுப்பாதீர்கள். நுரையீரல் பாதித்தவரை நடக்க விடாமல் வண்டியிலோ டோலியிலோ, போர்த்தி, உட்கார்ந்த வாக்கில் கொண்டுபோங்கள். உழைப்பும் குளிரும் அதைக் கூட்டும். மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன், நுரையீரலுக்கு நிஃபெடிபின் என்று மருந்துகள் இருக்கின்றன, தொலைதூர மலைப்பாதைக்குப் போகிறவர்கள் எப்போது எவ்வளவு என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளலாம். எந்த மருந்தும் இறங்குவதற்குப் பதில் ஆகாது. லேயில் சோனம் நுர்பூ நினைவு மருத்துவமனை என்ற அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, அவர்களுக்கு இந்த நோய் தினசரிப் பாடு. லடாக் போகிறவர்கள் இன்னொன்று: நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, குழுவில் இரண்டு பேரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும்.

யார் யாரைக் கேட்பது

இவ்வளவு எழுதியும், நம் ஆட்கள் சொல்ல மாட்டார்கள் என்பதுதான் எனக்குத் தெரிந்த பெரிய சிக்கல். "என்னால எல்லாருக்கும் தடங்கலாயிடுமே" என்பார்கள். வேண்டுதல் பாதியில் நிற்கக் கூடாது என்பார்கள். மருமகள் கேட்டால் மாமனார் தலைவலி என்று சொல்லுவாரா? மாட்டார். அதனால் ஜோடி போடும்போது சமமானவர்களாகப் பார்த்துப் போடுங்கள், மச்சானுக்கு மச்சான், ஓரகத்திக்கு ஓரகத்தி, வகுப்புத் தோழனுக்கு வகுப்புத் தோழன். காலையும் ராத்திரியும் ஒருவரை ஒருவர் நாலு கேள்வி கேட்க வேண்டும்: தலை வலிக்கிறதா, சாப்பிட்டாயா, தூங்கினாயா, சிறுநீர் போனதா. பதில் என்னவாக இருந்தாலும் தட்டைப் பாருங்கள், சோறு மிச்சமிருந்தால் அதுதான் பதில். கிளம்பும் முன்பே, ஊரிலேயே, எல்லோரும் உட்கார்ந்து ஒரு முடிவு எடுத்துவிடுங்கள்: ஒருவர் இறங்க வேண்டி வந்தால் அவரோடு யார் இறங்குவது, மீதிப் பேர் எங்கே காத்திருப்பது, செலவு யாருடையது. மேலே போன பிறகு, குழம்பிய தலையோடு இதையெல்லாம் பேச முடியாது.

சாமி காரியத்தில் பாதியில் திரும்பினால் குற்றமாகுமே என்கிற பெரியவர்களுக்கு நான் அப்பரைச் சொல்வேன். கயிலாயம் பார்க்க நடந்தவர், கால் தேய்ந்து, கையால் ஊன்றி, மார்பால் ஊர்ந்து போனவர். திரும்பிப் போ என்று முனிவர் வடிவில் வந்து சொன்னது யார் என்று நமக்குத் தெரியும். அவர் குளத்தில் முங்கி எழுந்தது திருவையாற்றில், கயிலைக் காட்சி கிடைத்ததும் அங்கேதான். ஆடி அமாவாசைக்கு இன்றைக்கும் கூட்டம் நெரிகிறது. எங்கள் ஊரில் இந்த வாதத்துக்கு எதிர்வாதம் இதுவரை யாரும் சொல்லவில்லை.

சித்தப்பா மறுபடி போக வேண்டும் என்று அடம்பிடித்தார். இரண்டு வருஷம் கழித்து, டாக்டர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஸ்ரீநகரில் இரண்டு ராத்திரி, கார்கிலில் இரண்டு ராத்திரி, லேயில் மூன்று ராத்திரி என்று நானே பேனாவால் எழுதிய திட்டம். லேயில் முதல் நாள் சாயங்காலம் எல்லோரும் ரஜாய்க்குள் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது அவராகவே டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "லேசா தலை வலிக்குதுடா, இந்த எடத்துல" என்று நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டினார். மறுநாள் பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போட்டோம். சித்தி அன்று முழுக்க அவரை வாசல் பக்கம்கூட விடவில்லை.